ஆகாயத்தாமரைக்கு ஒரு வேலி

மூன்று வருடமாக ஆகாயத்தாமரை ஏரியை மூடிக்கிடந்ததால் முனிரத்தினத்தால் வலை வீச முடியவில்லை. அவன் மனைவி தேசம்மாள் எரிவாயுப் பயிற்சியில் கற்றபடி அதை வாரி வந்து, நறுக்கி, சாணத்தோடு வீட்டு எரிவாயுத் தொட்டியில் கரைத்தாள்.

"இந்தத் தழையில கேஸ் வருமா?" என்று அவன் சிரித்தான்.

நாற்பதாம் நாள் அடுப்பில் நீலச்சுடர் எழுந்தது. அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் வாரத் தொடங்கினார்கள். கார்த்திகையில் ஏரி பாதிக்குமேல் தெளிந்தது. முனிரத்தினம் கூடை நிறையக் கெண்டையோடு கரையேறினான்.

குழம்பைக் கொதிக்கவிட்டு வெளியே வந்த தேசம்மாள் அவனைத் தேடினாள். அவன் கரையோரம் மூங்கில் நட்டு, மிச்சமிருந்த ஆகாயத்தாமரையைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா பண்றே?"

"காத்தடிச்சா அக்கரைக்குப் போயிடும்மே. நாளைக்கு அடுப்புக்கு இன்னா பண்ணுவே?"

தேசம்மாள் தண்ணீரில் இறங்கிக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.