பெட்டிக்குள் ஒரு விமானம்

வற்றாப்பளை அம்மாள்மேல் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காலை வெயிலில் என் மனைவி பத்மாசனி உழவு இயந்திரத்தை விரட்ட, பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டிக்குள் நோயாளியாக நான் மல்லாந்து கிடக்கிறேன். கனடாவில் பன்னிரண்டு வருடம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்து இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கும் மருமகள் சாரங்கா, அந்நாட்டு விமானப்படையில் பறக்கும் தாதியாகச் சேரப்போகிறாள். குலுங்கும் விமானத்தில் சேலைன் ஊசி ஏற்றாவிட்டால் அடுத்த கிழமைச் சோதனையில் தோல்வி; அதற்குத்தான் என் கையில் இந்த ஒத்திகை. “மாமா, கையை ஆட்டாதேங்கோ!” “நானோ ஆட்டுறன்? கீழ பார் பிள்ளை, உடையார்கட்டுக் குளம் தெரியுது!” வரம்பில் ஏறிய இயந்திரம் பனைகளுக்கு மேலே மிதக்கிறது. கொக்குகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. நாக்கைக் கடித்தபடி சாரங்கா ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறாள், சேலைன் சொட்டுகிறது. “பாஸ், மாமா!” என்று துள்ளுகிறாள். இயந்திரத்தின் எஞ்சின் மாசியிலிருந்து கராஜில் கிடப்பதால், பெட்டியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பவள் பத்மாசனிதான்.