தாழ்ந்த வயல்

கரவெட்டி வயல்வெளியில் தேங்கும் மழைவெள்ளத்தை இறைக்கிற பழைய எஞ்சின் மறுபடியும் நின்றுவிட்டது. விவசாயக் கந்தோருக்கு வந்த கமக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அதிகாரி சோமசேகரத்துக்குத் தலையிடி வந்துவிட்டது. அடுத்ததாக நாகேஸ்வரி வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

“நெல்லெல்லாம் தாழுது. புது எஞ்சின் எப்ப வரும்?”

“கொழும்பிலையிருந்து வரவேணும்.”

“இதைத்தானே போன மாரியிலும் சொன்னனியள்?”

“பழசைத் திருத்த ஆள் போயிருக்கு.”

“திருத்தித் திருத்தி அது பழைய இரும்பாப் போச்சு. ஒருக்கா வந்து வயலைப் பாருங்கோ.”

சோமசேகரம் பொறுமை இழந்தார். “எல்லாற்றை வயலையும் பாத்துக்கொண்டு திரிய ஏலுமே? கந்தோருக்கு வந்து சத்தம் போட்டால் வெள்ளம் வடிஞ்சிடுமோ?”

“வீட்டிலை கேட்டால், கந்தோர்க் கதையை இஞ்சை கதையாதை எண்டு சோத்துக் கோப்பையோடை எழும்பிப் போறியள். நான் வேறை எங்கை வந்து கேக்கிறது? தாழுறது எங்கடை சீதன வயல்!”

சோமசேகரம் குடையை எடுத்துக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தார். வாசலில் நின்ற கமக்காரர்கள், தங்கள் வயல்களையும் காட்டிவிடலாம் என்று கூடவே நடந்தார்கள்.