வலது கன்னத்து மச்சம்

தெருமுனையில் மிஸஸ் பென்ரோஸ் வருவதை ஜன்னல் வழியாகக் கண்டான் கேலிப்பட ஓவியன் கிளேட்டன். அவளுடைய கணவரான நீதிபதியைப் பன்றியாக வரைந்து, செப்புத்தகட்டில் பொறித்து, லண்டன் முழுக்க விற்றிருந்தான். அச்சில் அவன் பெயர் இல்லை. ஆனால் முதலில் பென்சிலில் போட்ட மூலப்படத்தில் இருந்தது. வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி. அதை எடுத்துக் கணப்பு நெருப்பில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தான்.

"அந்த மூலப்படம் எனக்கு வேணும், மிஸ்டர் கிளேட்டன்."

"அதையெல்லாம் அப்பவே கிழிச்சாச்சே, மேடம்."

அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். "அச்சுக்கடையில விசாரிச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன். அவரு போன மாசம் தவறிட்டாரு. அவரை வரைஞ்சது நீங்க ஒருத்தர்தான். பன்னி உடம்பைப் பாத்து அவரே விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"அச்சுப் படம் தர்றேனே. காசு வேண்டாம்."

"அது வீட்டுல இருக்கு. அச்சுல இடம் வலமா மாறி, மச்சம் இடது கன்னத்துக்குப் போயிடுச்சு. அது அவரு இல்லை."

"கண்ணாடியில காட்டிப் பாத்தீங்கன்னா..."

"தினமும் அப்படித்தான் பாக்குறேன். பக்கத்துலயே இந்தத் துக்கக் கறுப்பு உடுப்போட நானும் தெரியுறேனே."

குளிருக்கு அவள் கணப்பின் பக்கம் திரும்பினாள். எரிந்த தாளின் சாம்பல் இன்னும் உதிராமல் தாள் வடிவிலேயே கிடந்தது. கிளேட்டன் அவசரமாக அவளுக்கும் கணப்புக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.