மன உறுதி

போதை மீட்புக்கான புறநோயாளிப் பிரிவில் அக்கா தம்பியின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விட்டால் ஓடிவிடுவான். வலி மாத்திரையில் மாட்டிக்கொண்டவனை இங்கே வரை இழுத்து வந்ததே பெரும்பாடு.

எதிரே மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பெரியவர். பக்கத்தில் அவர் மகன் தூங்கி வழிந்தான். அவனுக்கு என்ன கதையோ என்று அக்காவுக்குக் குறுகுறுத்தது.

"பையனுக்கு ரொம்ப நாளா இருக்கா சார்?"

பெரியவர் கேள்வியை விட்டுவிட்டு மேடையேறினார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மன உறுதியே கிடையாதும்மா. ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன் நான். வேணாம்னு நினைச்சா, அந்த நிமிஷமே விட்டுடுவேன்."

கொட்டாவி விட்டார். ஒழுகும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மின்விசிறியைத் திட்டினார். மறுபடியும் மன உறுதிக்கே வந்தார்.

தம்பி கூனிக் குறுகினான். "போயிடலாம்க்கா. இவர் முன்னாடி என்னால உட்கார முடியாது."

நர்ஸ் வந்தார். "ஆபீசர் சார், நாக்கைத் தூக்குங்க."

பெரியவர் எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் வாயைத் திறந்தார். நாக்குக்கு அடியில் போதையை விடுவதற்கான மாத்திரை போனது.

"கரையற வரைக்கும் மூச்! நேத்து மாதிரி பேசிப் பேசி முழுங்கிட்டு, மருந்து வேலை செய்யலன்னு சொல்லாதீங்க."

மகன் கண்ணைத் திறந்து அக்காவிடம் கிசுகிசுத்தான். "இந்த அமைதிக்காகத்தான் லீவு போட்டுத் துணைக்கு வர்றேன்."

பெரியவர் வாயை இறுக மூடியபடி, பக்கத்து நாற்காலியைத் தட்டித் தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சட்டையை விடுக்கா, கசங்குது" என்று சொல்லி, போய் உட்கார்ந்தான்.