மேற்குப் பார்த்த வாசல்

"கிழக்கப் பாத்த வாசல அடைச்சிட்டு, மேக்கால வைக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதாண்ணே," என்றார் மேசன் பாஸ் கணேசமூர்த்தி.

"வைக்கச் சொன்னா வைங்க பாஸ்."

அவ்வளவுதான் பெரியதம்பியின் பதில். தேயிலைப் பெக்டரியில் முப்பது வருஷம் மெசினோடு மல்லுக்கட்டிய மனுஷன். பென்சன் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைப்பு.

"மேக்குப் பக்கம் கக்கூசும் சாக்கடைக் கானுந்தான இருக்கு. வர்றவங்க அதத் தாண்டியா உள்ள வரணும்?"

"வர்றவங்க வரட்டும்."

பாஸ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கரண்டியை எடுத்தார்.

ஒரு மாதமாக அது வீடாகவே இல்லை. பின்பக்கம் புதிதாக ஒரு படுக்கைக் காம்பரா எழும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கம் பாதிக் கூரையைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சீட்டைக் கட்டியிருந்தார்கள். கந்தப்பளை மலைக்காற்று அதைச் சும்மா விடுமா? பெரியதம்பிக்கும் அவர் பெண்சாதி நாகலெட்சுமிக்கும் சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாமே அடுப்படிக்குள்தான். சோற்றில் சீமெந்து, தேத்தண்ணியில் சீமெந்து.

அதையெல்லாம் நாகலெட்சுமி பொறுத்துக்கொள்வாள். அவளுக்குப் பொறுக்க முடியாதது வேறு.

மகள் டிலானிக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம். பொல்பிட்டியவில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். புருஷன் வேலைக்குப் போய்விட்டால் ஒரு வாய் சுடுதண்ணி வைத்துக் கொடுக்க ஆளில்லை. தாய்வீட்டுக்கு வந்து உட்காரவேண்டிய பிள்ளை.

எப்படி வருவாள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, அந்தப் பையனோடு வாசலில் வந்து நின்றாள். பெரியதம்பி படியில் கற்பூரத்தைக் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "இனி இவ இந்தப் படி ஏறக்கூடாது. மாரியாத்தா மேல சத்தியம்." தோட்டமே வேடிக்கை பார்த்தது. கற்பூரச் சத்தியம் என்றால் விளையாட்டா?

கொழுந்தெடுக்கிற மலையில் நின்றுதான் நாகலெட்சுமி மகளோடு போனில் பேசுவாள். அன்றைக்கும் பேசினாள்.

"காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும்மா. ஒன் கையால ரொட்டி சுட்டு, மாசிச் சம்பல் வச்சுத் தின்னணும் போல இருக்கு."

"சுட்டுத் தாறேன் புள்ள."

"அப்பா என்ன செய்றாரு?"

"வீட்ட இடிச்சுக்கிட்டு இருக்காரு."

"என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

"கேப்பாரு," என்றாள். பொய்தான். அந்தப் பெயரையே அவர் வாயில் எடுத்ததில்லை.

சாயந்திரம் கூடையை இறக்கிவிட்டு வந்தால், பெரியதம்பி பழைய வாசல் நிலையைக் கோடாரியால் பிளந்துகொண்டிருக்கிறார்.

"பலா மரம்ணே. இன்னும் அம்பது வருஷம் நிக்கும். அப்பிடியே தூக்கிப் புது வாசல்ல வச்சுத் தாறேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்களே," என்று பாஸ் தலையில் கை வைத்திருந்தார்.

"வேணாம் பாஸ். வெறகுக்கு ஆகும்."

அதோடு விட்டாரா? சம்மட்டியை எடுத்து வாசற்படிக் கல்லை அடித்து நொறுக்கினார். நொறுங்கியதை வாளியில் அள்ளிக்கொண்டு போய் ரோட்டுக் குழிக்குள் கொட்டினார். ஒரு சில்லு விடாமல் கூட்டி அள்ளினார்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வேலியோரம் வந்து நின்றாள். "மக வந்து நின்ன தடத்தக்கூட விட்டு வைக்க மாட்டேங்கிறாரே ஒன் வீட்டுக்காரரு. அது நெஞ்சா தங்கச்சி?"

நாகலெட்சுமி படி இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை நாள் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியாக மகளைப் பார்த்த இடம் அது. அதுவும் போய்விட்டது.

பாஸ் மேற்கு வாசலுக்குப் புதுக் கதவைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அவளுக்கு அடக்க முடியவில்லை.

"பெத்த புள்ள அங்க காலு வீங்கி அநாதையாட்டம் கெடக்கா. ஒங்களுக்கு வாசல மாத்துறது பெரிசாப் போச்சு. அவமேல அம்புட்டு வெறுப்பாங்க?"

பெரியதம்பி அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். நிலையில் மிஞ்சிய கடைசித் துண்டை உள்ளே தள்ளிவிட்டு, அது பிடித்து எரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கல்லு எங்கயாச்சும் ஒரு துண்டு கெடக்கா? நல்லாப் பாத்தியா?"

"அதான் தொடச்சு அள்ளிட்டீங்களே. இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?"

"நெலை?"

"கண்ணு முன்னாடிதான எரியுது."

பெரியதம்பி எழுந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண் கலங்கி நாகலெட்சுமி பார்த்ததில்லை. புகையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"சத்தியத்த மீறுனா அது வயித்துல இருக்குற புள்ள தலையில போய் விடியும்னு பயந்துக்கிட்டே இருந்தேன் நாகு," என்றபடி போனை எடுத்து அவள் கையில் வைத்தார். "நான் கற்பூரம் அணைச்சது அந்தப் படியிலதான். அந்தப் படியே இப்ப இல்ல. போனப் போட்டு, மாப்பிள்ளையோட மேக்கு வாசல் வழியா வரச் சொல்லு."