எட்டு வெள்ளைக் காய்கள்

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. கொருக்குப்பேட்டை கேரம் மன்றத்தின் இறுதி ஆட்டம் தொடங்கவேண்டிய வேளையில், வெள்ளைக் காயொன்றைக் காணவில்லை.

நடுவர் செங்குட்டுவன் இதைத் தற்செயல் என்று ஏற்க மறுத்தார். இது களவு.

காலையில் அவரே எண்ணிப் பெட்டியில் இட்டிருந்தார்: கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. இப்போது வெள்ளை எட்டுத்தான்.

பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் செருப்பை உதறச் சொன்னார். காய் கிடைக்கவில்லை.

காய் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. தொடங்கும்போது ஓர் ஆட்டக்காரர் வரவில்லையெனில், வந்திருப்பவருக்கே கோப்பை என்பதும் விதி.

வந்திருந்தவள் ரூத். எதிராளி முதஸ்ஸிரோ ரயில்வே கேட்டுக்கு அப்பால் நின்றான். குறுக்கே ஒரு கூட்ஸ் வண்டி அசையாமல் கிடந்தது.

காய் மட்டும் இருந்திருந்தால் கோப்பை இந்நேரம் அவள் கையில். செங்குட்டுவன் அவள்பொருட்டு நொந்துகொண்டார்.

ரூத் முகத்தில் வாட்டமே இல்லை. பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சும்மா இருக்க அறியாதவள். ஒற்றைக் கையால் காய்களை அடுக்கத் தொடங்கினாள்.

ஆறு கறுப்பு, வளையமாக. மூன்று கறுப்பு, அதற்கு வாலாக. வால் நுனியில் சிவப்பு. ஓரங்களில் வெள்ளை.

“இன்னா ரூத்து, கோலம் போட்றியா?” என்றார் துறைமுகத் தொழிலாளி மாசானம்.

“பிரியாணில போட்ற பட்டை கீதே அண்ணாத்த, அதோட வாசனை இது. கறுப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன்.”

மாசானம் குனிந்து பலகையை முகர்ந்தார். பவுடர் மூக்கில் ஏறித் தும்மினார். மன்றமே சிரித்தது.

“கார்பன்னா அடுப்புக் கரிதானே? அதுலயா இம்மாம் வாசனை?”

“அதுக்கு நாலு கை அண்ணாத்த. யாரை எப்டி புடிச்சிகினு நிக்குதுன்றதுதான் மேட்டரு. இப்டி புடிச்சா பட்டை. மாத்திப் புடிச்சா சக்கரை, எண்ணெய். கூட ரெண்டு தோஸ்துங்களைச் சேத்துகினா உன் மீசை!”

மாசானம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கூட்ஸ் வண்டி ஊதிற்று. சற்று நேரத்தில் முதஸ்ஸிர் ஓடிவந்து, வியர்வை சொட்ட எதிர் நாற்காலியில் விழுந்தான்.

“வந்து பயனில்லை தம்பி. காயைக் களவாடிவிட்டார்கள். ஆட்டம் ரத்து,” என்றார் செங்குட்டுவன்.

“வேணாம் சார். இதோ கீது,” என்றாள் ரூத்.

அத்தனை நேரமும் மூடியே இருந்த இடக்கை விரிந்தது. பவுடர் ஒட்டிய வெள்ளைக் காய், வியர்வையில் நனைந்திருந்தது.

செங்குட்டுவன் பலகையை உற்று நோக்கினார். பட்டை வாசனைக்கு எந்தக் குறையும் இல்லை. கார்பன் கட்டக்கூடிய எண்ணற்ற உருவங்களுள், எட்டே வெள்ளையில் நிறைவுறும் ஒன்றை அவள் தேர்ந்திருந்தாள்.

அவர் அந்த ஒன்பதாவது காயை வாங்கிப் பலகையில் வைத்தார். “ஆட்டம் தொடங்கலாம்!”

அன்று கோப்பை முதஸ்ஸிருக்குப் போயிற்று. எல்லாரினும் உரக்கக் கைதட்டியவள் ரூத்.

காயை ஒளிப்பவருக்கு ஓராண்டுத் தடை என்கிறது மன்றத்தின் விதி. வாசகரே, நழுவாதீர்: அவளைத் தடை செய்யலாமா, கூடாதா? ஒரே சொல்லில், இப்போதே விடை கூறும்!