தெளியாத கைத்தடம்

செண்பகனூர் விடுதி மாடியில் ரோகிணி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே ஜெல் அடைத்த கண்ணாடி அது. சூடு பட்டால் வெளுக்கும், ஆறினால் தெளியும். மாட்டியதும் உள்ளங்கையை அழுத்திச் சோதிப்பது மாட்டுகிறவர்கள் வழக்கம். அவள் புருஷன் கந்தவேலும் போன மாதம் இதில் அழுத்திவிட்டுத் திரும்பும்போதுதான் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அவன் கைத்தடம் இன்னும் தெளியவில்லை. பள்ளத்துப் பனிக்கு மேலே ஐந்து விரல்கள் வெள்ளையாய் நிற்கின்றன. “கெட்டுப்போன கண்ணாடியை எதுக்குக்கா தொடைக்கிறீங்க? நகருங்க, கழட்டணும்” என்கிறான் மேஸ்திரி முருகவேல். அவள் அந்த விரல்கள்மேல் தன் விரல்களை வைக்கிறாள்; சில்லென்று இருக்கிறது. வெயில் ஏறுகிறது. கண்ணாடி முழுக்க வெளுத்து, கைத்தடம் அதற்குள் மறைகிறது. திருகாணிகள் ஒவ்வொன்றாய்க் கழல்கின்றன. “பாத்து எறக்குங்க தம்பி. அந்த மனுசன் ஒருக்கா விழுந்தது போதும்.”